முதுகு, மூட்டு வலிக்கு யாரிடம் போவது: ஆஸ்டியோபதியா, பிசியோவா, கைரோவா, வர்மமா?

இடுப்பு பிடித்துக்கொண்டு இரண்டு மாதம் ஆகிறது. மாத்திரை போட்டால் குறைகிறது, விட்டால் திரும்ப வருகிறது, எம்.ஆர்.ஐ. எடுத்ததில் 'எல்4-எல்5 டிஸ்க் பல்ஜ்' (கீழ்முதுகில் இரண்டு எலும்புக்கு நடுவில் இருக்கும் ஜவ்வு பிதுங்கியிருக்கிறது) என்று எழுதியிருக்கிறது. இப்படி ஒருவர் வீட்டில் இருந்தால் வழி சொல்ல ஆளுக்குப் பஞ்சமே இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் பிசியோவுக்குப் போகச் சொல்வார், லண்டன் ஹாரோவில் இருக்கிற சித்தி மகன் "ஆஸ்டியோபாத்கிட்ட போ, எனக்கு மூணே சிட்டிங்ல சரியாயிடுச்சு" என்று வாய்ஸ் நோட் அனுப்புவான், இன்ஸ்டாகிராமில் யாரோ ஒருவர் யாரோ ஒருவருடைய கழுத்தைத் திருப்பி 'படக்' என்று சத்தம் வரவைத்துக்கொண்டிருப்பார், ஊரிலிருந்து பெரியப்பா "நாகர்கோவில் பக்கம் ஒரு வர்ம ஆசான் இருக்கார், தைலம் போட்டு நீவிவிட்டா எழுந்து ஓடுவே" என்பார். யாரும் பொய் சொல்லவில்லை, அவரவருக்குப் பலித்ததைச் சொல்கிறார்கள். புதிதாக வரும் இடுப்பு வலியில் பெரும்பகுதி சில வாரங்களில் தானாகவே அடங்கிவிடும் என்பதால், அந்த நேரத்தில் யார் கை வைத்தார்களோ அவர்களுக்குப் பேர் போய்ச் சேருகிறது.

என் தரப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆஸ்டியோபதி, அதாவது தசையையும் மூட்டையும் கையால் நீவி, அசைத்துச் சரிசெய்யும் முறை, ஏமாற்று வேலை இல்லை, அற்புதமும் இல்லை. நாள்பட்ட இடுப்பு வலிக்கு அது கொஞ்சம் உதவலாம், உடற்பயிற்சியோடு சேர்ந்தால் இன்னும் கொஞ்சம். அதே அளவு உதவியை நல்ல பிசியோதெரபிஸ்ட் ஒருவர் குறைந்த செலவில் தர முடியும். ஆனால் அந்த 'நல்ல' என்பதில்தான் சிக்கல், ஏனென்றால் நம்மூரில் பிசியோ என்ற பெயரில் நடப்பவற்றில் பலவும் பிசியோதெரபி நூல்களே இன்று கைவிடச் சொல்பவை. ஆகவே போர்டில் என்ன எழுதியிருக்கிறது என்பதை விட, உள்ளே இருப்பவர் என்ன படித்தார், உங்களை எவ்வளவு நேரம் பார்க்கிறார், எப்போது "இனி வர வேண்டாம்" என்கிறார் என்பதை வைத்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

ஒப்பீட்டுக்குள் போவதற்கு முன் ஒரு வடிகட்டல். வலியோடு சேர்ந்து சிறுநீர் வராமல் அடைத்துக்கொண்டாலோ கட்டுப்பாடில்லாமல் போனாலோ, உட்காரும் இடம் மரத்துப்போனாலோ, இரண்டு கால்களும் தளர்ந்தாலோ, அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும், மறுநாள் காலை வரை காத்திருக்கக் கூடாது. சாயங்காலக் காய்ச்சல், காரணமில்லாமல் எடை குறைதல், படுத்தாலும் தணியாத ராத்திரி வலி, முன்பு புற்றுநோய் வந்தவர், நெடுநாளாக ஸ்டீராய்டு சாப்பிடுபவர், கீழே விழுந்த வயதானவர், இவர்கள் எல்லோரும் முதலில் டாக்டரைப் பார்க்க வேண்டும். முதுகெலும்பில் டி.பி. என்பது நம் நாட்டில் இன்னும் நடக்கிற விஷயம், அதை வாயுப்பிடிப்பு என்று நினைத்து மாதக்கணக்கில் நீவிக்கொண்டிருந்தால் எலும்பு அரித்துக் கூன் விழுந்துவிடும். இன்னொன்று: நாற்பது வயதுக்குள் இருப்பவருக்குக் காலையில் எழுந்ததும் அரைமணி நேரத்துக்கு மேல் முதுகு விறைத்து, நடமாட ஆரம்பித்தால் குறைகிறது என்றால் அது வேறு கதை, ருமட்டாலஜிஸ்ட் பார்க்க வேண்டிய வாத நோயாக இருக்கலாம். இது எதுவும் இல்லாத சாதாரண முதுகு, கழுத்து, முழங்கால், தோள் வலிக்குத்தான் கீழே சொல்பவை.

அந்த எம்.ஆர்.ஐ. தாளைப் பற்றியும் ஒரு வார்த்தை. வலியே இல்லாத 3,110 பேரின் ஸ்கேன்களைத் தொகுத்து 2015-இல் ஒரு ஆய்வு வந்தது. இருபது வயதுக்காரர்களில் 30 சதவீதம் பேருக்கு டிஸ்க் பல்ஜ், ஐம்பது வயதில் 60 சதவீதம், எண்பதில் 84 சதவீதம். திரும்பச் சொல்கிறேன், இவர்களில் யாருக்கும் வலி இல்லை. தலை நரைப்பதைப் போல வயதானால் டிஸ்க்கும் தன் பங்குக்கு மாறுகிறது. அதனால் "உங்க டிஸ்க் விலகியிருக்கு, நான் உள்ளே தள்ளிவிடுகிறேன்" என்று யார் சொன்னாலும், அவர் எந்த மருத்துவ முறையைச் சேர்ந்தவராக இருந்தாலும், செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிடலாம். கையால் தள்ளி டிஸ்க்கை உள்ளே அனுப்ப முடியாது.

சரி, ஆஸ்டியோபதி.

இதைத் தொடங்கியவர் ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில் என்ற அமெரிக்க மருத்துவர். 1864-இல் மூளைக்காய்ச்சலுக்குத் தன் பிள்ளைகள் மூன்று பேரைப் பறிகொடுத்தவர், அந்தக் காலத்து மருந்துகள் மேல் இருந்த நம்பிக்கை அத்தோடு போய், உடம்பின் அமைப்பைச் சரிசெய்தால் உடம்பே தன்னைப் பார்த்துக்கொள்ளும் என்று 1874-இல் அறிவித்து, 1892-இல் மிசௌரி மாநிலத்தின் கிர்க்ஸ்வில் ஊரில் கல்லூரி தொடங்கினார். அதன்பிறகு அது ஒவ்வொரு நாட்டிலும் ஒவ்வொரு வழியில் போய்விட்டது. அமெரிக்காவில் 'டி.ஓ.' பட்டம் வாங்கியவர் நம்மூர் எம்.பி.பி.எஸ். போல முழு டாக்டர், மருந்து எழுதுவார், அறுவை சிகிச்சையும் செய்வார். பிரிட்டனில் ஆஸ்டியோபாத் டாக்டர் இல்லை, ஆனால் 1993-இல் போட்ட தனிச் சட்டம் இருக்கிறது, பொது ஆஸ்டியோபதிக் கவுன்சிலில் பதிவு செய்யாமல் அந்தப் பெயரைப் போட்டுக்கொள்வது குற்றம். நாலைந்து வருடப் படிப்பு, பதிவேட்டில் பெயர், புகார் செய்ய ஓர் இடம், இவ்வளவும் ஹாரோவில் இருக்கிற சித்தி மகனுக்குக் கிடைக்கிறது.

நமக்கு அது கிடையாது. இந்தியாவில் ஆஸ்டியோபதிக்கென்று தனிப் பதிவுக் கவுன்சில் இல்லை. ஒடிசாவில் கட்டாக்கில் உள்ள ஸ்ரீஸ்ரீ பல்கலைக்கழகம் பட்டப்படிப்பு நடத்துகிறது, வெளிநாட்டில் முழுதாகப் படித்துவிட்டு வந்தவர்களும் இருக்கிறார்கள். ஆனால் சென்னை, கோவை, பெங்களூரு போர்டுகளில் அந்தப் பெயரைப் பார்த்தால் பெரும்பாலும் பிசியோதெரபி பட்டம் முடித்துவிட்டு, அதற்கு மேல் வார இறுதி வகுப்புகளில் ஆஸ்டியோபதி உத்திகளைக் கற்றுக்கொண்டவராக இருப்பார். எந்த மருத்துவப் படிப்பும் இல்லாமல் புதிதாகச் சேர்கிறவருக்கு உலக சுகாதார நிறுவனம் 2010-இல் சொன்ன அளவு 4,200 மணி நேரம், அதில் குறைந்தது 1,000 மணி நேரம் நோயாளிகளோடு. சில வார இறுதிகளில் அது வராது. ஆனால் அடியில் பிசியோ பட்டம் இருப்பது எனக்கு ஆறுதலாகவே படுகிறது, ஏனென்றால் உடற்கூறும் ஆபத்து அறிகுறிகளும் அவருக்குத் தெரிந்திருக்கும். அடியில் எதுவுமே இல்லாமல் போர்டு மட்டும் இருப்பவர்தான் பிரச்சினை.

சிகிச்சை எப்படி இருக்கும்? முதல் தடவை முக்கால் மணி நேரம் வரை போகும். நிற்கவைத்து முன்னும் பின்னும் பார்ப்பார்கள், குனிய, திரும்ப, ஒற்றைக்காலில் நிற்கச் சொல்வார்கள், இடுப்பு வலி என்று போனவரின் கணுக்காலையும் விலா எலும்பையும் தொட்டுப் பார்ப்பார்கள். பிறகு மேசை. உதாரணத்துக்கு, நாள் முழுக்க உட்கார்ந்தே வேலை பார்த்து முன்தொடை இறுகிப்போனவரை மேசையின் ஓரத்தில் மல்லாக்கப் படுக்கவைத்து, ஒரு காலை மார்போடு கட்டிப்பிடிக்கச் சொல்லி, மறுகாலைத் தொங்கவிடச் சொல்வார். தொங்கும் தொடையின் மேல் கையை வைத்து, "என் கையை மேலே தள்ளுங்க, முழு பலம் வேண்டாம், கால்வாசி போதும்" என்பார். ஐந்து விநாடி. "விடுங்க" என்றதும் தசை தளரும் அந்த நேரத்தில் கால் இன்னும் ஒரு விரற்கடை கீழே இறங்கும். இதையே மூன்று நான்கு தடவை. கடைசியில் எழுந்து நின்றால் இடுப்பு இலகுவாக இருப்பது உண்மைதான், நான் அனுபவித்திருக்கிறேன். இதோடு தசையை அழுத்தி நீவுவது, மூட்டை மெதுவாக ஆட்டிவிடுவது, சில சமயம் சட்டென்று ஒரு சொடுக்கு. இவ்வளவுதான் சரக்கு, இதில் எதுவும் ஆஸ்டியோபாத்துக்கு மட்டுமே சொந்தமானது இல்லை, மேனுவல் தெரபி என்கிற கைச் சிகிச்சை படித்த பிசியோவும் இதே தொடையை இதே மாதிரி பிடிப்பார்.

தலையோட்டு எலும்புகள் அசைவதை விரலால் உணர்ந்து சரிசெய்கிறோம் என்று ஒரு கிளை உண்டு. அதற்குச் சொல்லிக்கொள்ளும்படி ஆதாரம் இல்லை. யாராவது அதைச் செய்கிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், கைக்குழந்தைக்குச் செய்கிறேன் என்றால் இன்னும் சத்தமாக.

ஆதாரம் என்று பார்த்தால் எனக்கு முக்கியமாகப் படுபவை இரண்டு. ஒன்று பிரான்ஸில் 400 பேரை வைத்துச் செய்து 2021-இல் வெளியானது. பாதிப் பேருக்கு உண்மையான ஆஸ்டியோபதி, மீதிப் பேருக்குச் சும்மா லேசாகத் தொட்டுவிடும் போலிச் சிகிச்சை, இரண்டு வாரத்துக்கு ஒன்று என்று ஆறு தடவை. மூன்று மாதம் கழித்து அன்றாட வேலைகளில் இருக்கும் சிரமத்தை நூறு புள்ளி அளவுகோலில் அளந்தால், உண்மைக்கும் போலிக்கும் இடையே சுமார் மூன்றரைப் புள்ளி வித்தியாசம். இருக்கிறது, ஆனால் நோயாளி உணரும் அளவுக்குப் பெரிதில்லை என்றுதான் ஆய்வாளர்களே எழுதினார்கள். இரண்டாவது பிரிட்டனில் 1,334 பேரை வைத்து 2004-இல் வந்தது. இதில் ஆஸ்டியோபாத், கைரோபிராக்டர் (முதுகெலும்பில் சொடுக்கு எடுப்பவர்), பிசியோ மூன்று தரப்பும் உட்கார்ந்து பேசி, ஒரே சிகிச்சைத் தொகுப்பை ஒப்புக்கொண்டு, அதையே மூவரும் செய்தார்கள். வழக்கமான டாக்டர் கவனிப்போடு ஒப்பிட்டால் கைச் சிகிச்சைக்கு ஓரளவு பலன், கைச் சிகிச்சைக்குப் பின் உடற்பயிற்சியும் சேர்த்தவர்களுக்குக் கொஞ்சம் கூடுதல் பலன், அது ஒரு வருடம் கழித்தும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. 24 புள்ளி அளவுகோலில் ஒன்றிலிருந்து இரண்டு புள்ளி என்று வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு இதில் பிடித்தது எண் இல்லை, மூன்று சாதிக்காரர்களும் ஒரே வேலையைச் செய்ய ஒத்துக்கொண்டார்கள் என்பதுதான். இங்கே அவரவர் போர்டைப் பார்த்தால் மூன்றும் மூன்று உலகம் போலத் தெரியும்.

முதல் ஆய்வில் போலிச் சிகிச்சைக்காரர்களுக்கும் கொஞ்சம் குறைந்ததைக் கவனியுங்கள். முக்கால் மணி நேரம் ஒருவர் பொறுமையாகக் கேட்டு, தொட்டு, "பயப்பட ஒன்றுமில்லை" என்று சொல்வதற்கே ஒரு பலன் உண்டு. அரசு ஆஸ்பத்திரி வரிசையில் இரண்டு நிமிடமும், தனியார் ஆர்த்தோவிடம் ஐந்து நிமிடமும் கிடைக்கிற ஊரில் ஆஸ்டியோபதிக்குக் கூட்டம் சேர்வதில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

இனி பிசியோ. இங்கேதான் கொஞ்சம் கோபமாகவே எழுத வேண்டியிருக்கிறது. தெருமுனை பிசியோ சென்டர் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும்: திரைச்சீலை போட்ட ஐந்தாறு கட்டில், இடுப்பில் ஈர ஸ்பாஞ்சு வைத்த நாலு பேட், வெல்க்ரோ பட்டை, பக்கத்தில் 'ங்ங்' என்று ஒரு மெஷின். "கரண்ட் வைத்திருக்கிறேன், எறும்பு ஊர்வது போல இருந்தால் சரி" என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவார். பதினைந்து நிமிடம் கழித்து ஜெல் தடவி அல்ட்ராசவுண்ட், அப்புறம் சிலருக்கு டிராக்ஷன் மேசையில் இழுவை. கிளம்பும்போது பத்தாவது தடவை ஜெராக்ஸ் எடுத்து மங்கிப்போன உடற்பயிற்சித் தாள் ஒன்று. "வீட்ல பண்ணுங்க." மருந்துக்கடையில் வாங்க ஒரு இடுப்பு பெல்ட்டும் எழுதிக் கொடுத்திருப்பார்கள்.

எந்த நோய்க்கு எந்தச் சிகிச்சை என்று பிரிட்டனில் வழிகாட்டும் நைஸ் அமைப்பு 2016-இல் வெளியிட்ட முதுகுவலி வழிகாட்டி, இந்தப் பட்டியலை எடுத்து ஒவ்வொன்றாக வேண்டாம் என்கிறது: அந்தக் கரண்ட், அல்ட்ராசவுண்ட், டிராக்ஷன், பெல்ட், எல்லாமே. உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் நாள்பட்ட இடுப்பு வலிக்கென்று வெளியிட்ட வழிகாட்டியிலும் பெல்ட், டிராக்ஷன், அல்ட்ராசவுண்ட் வேண்டாத பக்கத்தில்தான் இருக்கின்றன. இரண்டும் வேண்டும் என்பது எது? உடற்பயிற்சி. நோயாளிக்குப் புரியும்படி விளக்கம். அதோடு சேர்த்து, வேண்டுமானால், கைச் சிகிச்சை. நைஸ் இதைத் தெளிவாகவே சொல்கிறது: கைச் சிகிச்சையை உடற்பயிற்சியோடு சேர்த்துத்தான் கொடுக்க வேண்டும், தனியாக இல்லை. ஆக, அந்த ஜெராக்ஸ் தாள்தான் நிஜமான மருந்து, அதற்குத்தான் யாரும் அரைமணி நேரம் ஒதுக்குவதில்லை. நான் போன ஒரு சென்டரில் உடற்பயிற்சியை ஒரு தடவை செய்துகாட்டச் சொன்னதற்கு, "யூடியூப்ல இருக்கு சார்" என்றார்கள்.

ஆனாலும் முதல் தேர்வு பிசியோதான் என்று நினைக்கிறேன். பட்டம் என்பது நான்கு வருடத்துக்கு மேலான படிப்பு, பயிற்சிக்காலம் உட்பட, ஆகவே ஆளைச் சரிபார்ப்பது எளிது. செலவு ஒரு தடவைக்குச் சில நூறு ரூபாயில் முடியும், ஆஸ்டியோபதி என்ற பெயர் வந்துவிட்டால் பெரும்பாலும் ஆயிரத்தைத் தாண்டும். அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகளில் பிசியோ பிரிவு இருக்கிறது, காசு கிடையாது. வெளியே வரவே முடியாத பெரியவர்களுக்கு 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோ செய்கிறார்கள். மெஷினைத் தவிர்த்து, உங்களை எழுப்பி நிற்கவைத்து வேலை வாங்குகிற பிசியோ ஒருவர் கிடைத்துவிட்டால் வேறு யாரையும் தேட வேண்டாம்.

கைரோபிராக்டிக் பற்றி அதிகம் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. 1895-இல் டேனியல் டேவிட் பாமர் அமெரிக்காவில் தொடங்கியது, ஆஸ்டியோபதிக்குப் பங்காளி முறை, முதுகெலும்பு மேல் இன்னும் அதிகக் கவனம், சொடுக்கு இன்னும் அதிகம். ரீல்ஸில் ஓடுவது அந்தச் சத்தம்தான். அது எலும்பு இடத்தில் உட்காரும் சத்தம் இல்லை. கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் 2015-இல் விரல் சொடுக்கு எடுப்பதை எம்.ஆர்.ஐ.-க்குள் வைத்தே படம் பிடித்தார்கள்: மூட்டு சட்டென்று விலகும்போது உள்ளே இருக்கும் திரவத்தில் வாயுக் குழிவு ஒன்று உருவாகிறது, அவ்வளவுதான். சத்தம் வந்தால் குணம், வராவிட்டால் வீண் என்பதெல்லாம் இல்லை. இடுப்பில் செய்வதைப் பற்றி எனக்குப் பெரிய பயம் கிடையாது. கழுத்தில் வேண்டவே வேண்டாம் என்பேன், ஏனென்றால் வேகமாகத் திருப்பும்போது மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் கழுத்துத் தமனியின் உள்சுவர் கிழிந்து பக்கவாதம் வந்த சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. அரிதுதான். ஆனால் கழுத்து வலி என்பது பெரும்பாலும் உயிர் போகிற விஷயம் இல்லை, சில வாரத்தில் அடங்கக்கூடியதற்கு எதற்கு அந்த ரிஸ்க்? ருமட்டாய்டு வாதம் உள்ளவர்கள், எலும்பு அடர்த்தி குறைந்து மெலிந்தவர்கள், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள், யார் கையிலும் எந்த இடத்திலும் சொடுக்கு எடுக்கக் கூடாது.

நம்ம ஊர் முறைகளை இந்தப் பட்டியலில் சேர்க்காமல் விடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும். வெள்ளைக்காரர் 1874-இல் தொடங்கியது என்றால் தெரபி, குமரி மாவட்டத்து ஆசான் செய்தால் மூடநம்பிக்கை என்பது என்ன கணக்கு? சித்த மருத்துவத்தில் தொக்கணம் என்று ஒரு தனிச் சிகிச்சையே இருக்கிறது, தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கைகட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்தல், அசைத்தல் என்று ஒன்பது வகை. ஆஸ்டியோபாத் மேசையில் நடப்பதில் பாதியை இந்தப் பட்டியலிலேயே காட்டலாம். வர்மத்தில் 108 புள்ளிகள் என்பார்கள், அழுத்தும் அளவும் நேரமும்தான் வித்தை. ஆனால் எரிச்சலை ஓரமாக வைத்துவிட்டுப் பார்த்தால், பெரிய அளவில் போலிச் சிகிச்சையோடு ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வுகள் ஆஸ்டியோபதிக்கு இருக்கிற அளவுக்கு இவற்றுக்கு இல்லை, அதனால் அதே தராசில் நிறுத்த முடியாது. போவதென்றால் பட்டம் பெற்ற சித்த மருத்துவரிடம் போங்கள்: தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம், அரும்பாக்கத்தில் அறிஞர் அண்ணா அரசு மருத்துவமனை, பாளையங்கோட்டையில் அரசு சித்த மருத்துவக் கல்லூரி, எல்லாமே அரசு நிறுவனங்கள். உளுந்துத் தைலமோ கற்பூராதித் தைலமோ போட்டு நீவிவிடுவதால் கெடுதல் இல்லை, உடம்பு இலகுவானால் நடக்கத் தைரியம் வரும். உள்ளுக்குக் கொடுக்கும் சூரணத்தில் என்ன இருக்கிறது என்று கேட்காமல் மட்டும் சாப்பிடாதீர்கள்.

புத்தூர் கட்டு வேறு சமாச்சாரம், அது எலும்பு முறிவுக்கு. எக்ஸ்ரே எடுக்காமல் கட்டு போட்டுக்கொள்வதும், கட்டிய பிறகு விரல் வீங்கி நீலம் பூப்பதைப் பொறுத்துக்கொள்வதும் கையையே இழக்கவைக்கும். நாம் பேசும் வலிக்கு அந்தப் பக்கமே போக வேண்டாம்.

ஆர்த்தோ டாக்டர் எதற்கு என்றால், மேலே சொன்ன வடிகட்டலுக்கு. மற்றபடி அவர் தரும் வலி மாத்திரை சில நாளைக்கு நல்லது, மாதக்கணக்கில் சாப்பிட்டால் வயிறு, சிறுநீரகம், பி.பி. மூன்றையும் தொடும். காலுக்கு இறங்கும் வலிக்குக் காபாபென்டின் வகை மாத்திரையை இங்கே தாராளமாக எழுதுகிறார்கள், நைஸ் 2020-இல் அதை வேண்டாம் என்று திருத்திவிட்டது. கேட்டுப் பாருங்கள், கேட்பதற்குக் காசில்லை.

உடம்பில் எந்த இடம் என்பதைப் பொறுத்தும் முடிவு மாறும்.

இடுப்பு என்றால் பிசியோவும் உடற்பயிற்சியும் முதலில். வலி பயத்தில் அசையவே முடியாமல் இருக்கிறவர்களுக்கு மூன்று நான்கு தடவை ஆஸ்டியோபதி அல்லது தொக்கணம், உடம்பைக் கொஞ்சம் தளர்த்தி உடற்பயிற்சிக்குள் கொண்டுவர. வலி குறைந்த பிறகு நடை. ஆஸ்திரேலியாவில் முதுகு வலியிலிருந்து அப்போதுதான் மீண்ட 701 பேரை வைத்து 2024-இல் ஒரு ஆய்வு வந்தது. பிசியோவின் வழிகாட்டலோடு படிப்படியாக நடக்கத் தொடங்கியவர்களில் பாதிப் பேருக்கு வலி திரும்பி வர 208 நாள் ஆனது, எதுவும் செய்யாதவர்களுக்கு 112 நாள். மெரினாவில் நடக்க டிக்கெட் இல்லை.

முழங்கால் தேய்மானத்துக்கு ஆஸ்டியோபதியில் நான் பணம் போட மாட்டேன். அங்கே வேலை செய்வது தொடைத் தசைக்கான பயிற்சியும் எடையும்தான், ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடிக்கும் முட்டி மேல் விழும் சுமை நான்கு கிலோ குறைகிறது. நாற்காலியில் உட்கார்ந்தபடி காலை நீட்டிப் பிடிப்பது, கையை ஊன்றாமல் எழுந்து உட்காருவது, இதை அம்மாவுக்குத் தினமும் டி.வி. சீரியல் விளம்பரத்தில் செய்யச் சொல்லுங்கள். வலிக்கு மேலே தடவும் டைக்குளோஃபெனாக் ஜெல் மாத்திரையை விடப் பாதுகாப்பானது. மூட்டுக்கென்று விற்கும் குளுக்கோசமைன் மாத்திரை வாங்குகிற காசுக்கு நைஸ் 2022 வழிகாட்டிப்படி பலன் இல்லை. "நடந்தா இன்னும் தேஞ்சிடும்" என்று சொல்லி அவர்களை உட்காரவைத்துவிடாதீர்கள், அது எல்லாவற்றையும் விட மோசம்.

தோள் இறுகிப்போய் கையைத் தூக்க முடியாமல், பின்னால் கொண்டுபோய் ரவிக்கைக் கொக்கி மாட்ட முடியாமல் இருப்பது, நம்மூரில் சர்க்கரை இருக்கிறவர்களுக்கு அதிகம் வரும். இதற்கு யாரிடம் போனாலும் மாதக்கணக்கில் ஆகும், ஒரு சிட்டிங்கில் விடுவிக்கிறேன் என்று கையை முறுக்குபவரிடம் கொடுக்காதீர்கள். பிரிட்டனில் 503 பேரை வைத்து 2020-இல் வெளியான ஆய்வில் ஸ்டீராய்டு ஊசியோடு பிசியோ, மயக்கம் கொடுத்துக் கையை அசைத்துவிடுவது, சாவித்துவார அறுவை, மூன்றும் ஒரு வருடத்தில் கிட்டத்தட்ட ஒரே இடத்தில்தான் கொண்டுவிட்டன. அப்படியானால் மலிவான, கத்தியில்லாத வழியிலிருந்து தொடங்குவதுதானே நியாயம். ஊசி போட்டால் சில நாளைக்குச் சர்க்கரை ஏறும், வீட்டில் குளுக்கோமீட்டர் வைத்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் ஆஸ்டியோபாத்திடம் போகிறேன் என்றால் தாராளமாகப் போங்கள், போகுமுன் போனில் கேட்க வேண்டியதைக் கேட்டுவிடுங்கள். என்ன பட்டம், எந்தக் கல்லூரி, எத்தனை வருடப் படிப்பு. தெளிவாகப் பதில் வந்தால் நல்லது, "இன்டர்நேஷனல் சர்டிஃபைட்" என்று மட்டும் வந்தால் அது பதில் இல்லை. உடற்பயிற்சி சொல்லிக் கொடுப்பாரா என்றும் கேளுங்கள். இருபது சிட்டிங் பேக்கேஜ், இன்றைக்கே கட்டினால் தள்ளுபடி என்கிற இடத்தில் ஒரு தடவைக்கான காசை மட்டும் கொடுங்கள், ஏனென்றால் உங்களுக்கு எத்தனை தடவை தேவைப்படும் என்று முதல் நாளே அவருக்குத் தெரிய வாய்ப்பில்லை. நான்கு தடவைக்குப் பிறகும் குனிவதிலோ நடப்பதிலோ தூக்கத்திலோ வித்தியாசம் தெரியவில்லையென்றால் நிறுத்திவிடுங்கள், "இப்பதான் உள்ளே வேலை செய்ய ஆரம்பிச்சிருக்கு" என்பதற்கு மயங்க வேண்டாம். அப்புறம், கழுத்தில் சொடுக்கு வேண்டாம் என்பதை மேசையில் படுப்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள், படுத்த பிறகு கேட்டுவிட்டுச் செய்கிறவர்கள் குறைவு.